காப்பி அருந்தினால் உடல் மெலியுமா?

கொச்சி மட்டாஞ்சேரிக் கடைவீதியில் சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக இறங்கும் காலை வேளையில், தேநீர்க் கடைகளில் இருவகைக் காப்பி விலையாவதைக் காணலாம். ஒன்று பால் கலவாத ‘கட்டன் காப்பி’. மற்றொன்று பாலும் சர்க்கரையும் நிறைந்தது. சுமை தூக்குவோரும் கணக்கெழுதுவோரும் அருகருகே நின்று அருந்துகின்றனர். முன்னவர் அருந்திய சர்க்கரையை நண்பகலுக்குள் உழைத்துச் செலவிட்டுவிடுகிறார். பின்னவருக்கோ அது உடலில் தங்குகிறது.

வெறும் வயிற்றில் கட்டன் காப்பியில் எலுமிச்சஞ்சாறு பிழிந்து அருந்தினால் உடல் மெலியும் என்னும் செய்தி இந்நாளில் கைப்பேசிகளின் வாயிலாகப் பரவி வருகிறது. இது மெய்தானா என்று மக்கள் சுகாதார ஊழியர்களையும் ஆசிரியர்களையும் வினவுகின்றனர். இதனைச் சிறு வினா என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 38.1 சதவீதத்தினரும் ஆண்களில் 36.4 சதவீதத்தினரும் மிகை எடை உடையவர்கள்.

காப்பியிலுள்ள கஃபீன் என்னும் பொருள் உடலின் எரிசக்திச் செலவைச் சற்றே உயர்த்துகிறது என்பது மெய். ஆனால் எவ்வளவு? 1989-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இரண்டு மணிக்கொரு முறை 100 மில்லிகிராமாக, ஒரு பகலில் 600 மில்லிகிராம் கஃபீன் கொடுத்துப் பார்த்தனர். மெலிந்த உடலினர் நாளொன்றுக்கு 150 கலோரி கூடுதலாகச் செலவிட்டனர். முன்பு பருத்திருந்து பின் இளைத்தவர்களோ 79 கலோரியே கூடுதலாகச் செலவிட்டனர். யாருக்கு உதவி தேவையோ அவருக்கே பயன் குறைவு. அன்றியும், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் கூடாது என்கின்றன. ஆராய்ச்சியில் கொடுக்கப்பட்டது அதைப் போல் இரு மடங்கு.

இனி வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். பாலும் சர்க்கரையும் சேராத ஒரு குவளைக் காப்பியில் உள்ளவை இரண்டு, மூன்று கலோரிகளே. அதில் 100 மில்லி பசும்பால் சேர்த்தால் சுமார் 65 கலோரி. இரு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்த்தால் மேலும் சுமார் 40 கலோரி. ஆகவே ஒரு குவளைக்கு நூற்றுக்குச் சற்று மேல். மேற்கண்ட 79 கலோரி இந்த ஒரு குவளைக்கே ஈடாகாது. நாள்தோறும் இத்தகைய குவளைகள் நான்கு அருந்துபவர் நானூறு கலோரிக்கு மேல் பெறுகிறார். அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் மிதமாக நடந்தாலும் செலவாவது சுமார் 200 கலோரியே. சுக்குக் காப்பியில் சேரும் கருப்பட்டியும் இக்கணக்குக்கு விலக்கன்று.

2023-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வும் இதையே வலியுறுத்துகிறது. சர்க்கரையிடாத காப்பியை நாளுக்கு ஒரு குவளை கூட்டியவர்களுக்கு, நான்கு ஆண்டுகளில் எடையேற்றம் 120 கிராம் குறைவாயிருந்தது. கஃபீன் நீக்கிய காப்பியிலும் அதே அளவு காணப்பட்டது. நாளுக்கு ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைக் கூட்டியவர்களுக்கோ எடையேற்றம் 90 கிராம் மிகுதி. ஒரு கரண்டிச் சர்க்கரை, காப்பியால் வரக்கூடிய நன்மையில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். அவ்வாய்வு கூறுவது ‘எடையேற்றம் குறைவாயிருந்தது, இரண்டுக்கும் தொடர்பு காணப்பட்டது’ என்பதே. அது கடைவீதியை அடைவதற்குள் ‘எடையைக் குறைக்கும்’ என்றாகிவிடுகிறது. ஒரு வினைச்சொல் மாறியதால் ஒரு பானம் மருந்தாகிவிட்டது. ஆராய்ச்சியை மக்களுக்குக் கடைசியாக மொழிபெயர்ப்பவர்கள் களப்பணியாளரும் ஆசிரியருமேயாவர். அவர்கள் சொல்லில் பிழை நேர்ந்தால், பின்னர் அதைத் திருத்துவார் இல்லை.

அப்பிழையால் விளையும் தீங்கும் சிறிதன்று. மெலிய வேண்டுமென்று காலை உணவை விலக்கிக் காப்பியோடு நிறுத்திக்கொள்ளும் இளம் பெண்ணை எண்ணிப் பாருங்கள். கேரளப் பெண்களில் 36.3 சதவீதத்தினர் இரத்தச்சோகை உடையவர்கள் என்று மேற்கண்ட குடும்பநல ஆய்வே கூறுகிறது. உணவோடு சேர்த்து அருந்தும் காப்பி, அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. ஆதலால் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காப்பியையும் தேநீரையும் விலக்க வேண்டும் என்று நெறிமுறைகள் கூறுகின்றன.

காப்பியைக் கைவிடுமாறு மக்களிடம் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை, செய்தாலும் கேட்பாரில்லை. ‘நாளுக்கு எத்தனை குவளை? குவளைக்கு எத்தனை கரண்டி?’ என்ற இரு கேள்விகளே போதும். விடையைப் பெருக்கி, அத்தனை கரண்டிச் சர்க்கரையை ஒரு தாளில் கொட்டிக் காட்டுங்கள். கண்ணால் கண்டவர் மறுநாள் ஒரு கரண்டியையாவது குறைப்பார். உடலை மெலியச் செய்வது அக்குறைப்பேயன்றிக் காப்பியன்று.