கப்பல் பெயிண்டும் முட்டையிட முடியாத நத்தைகளும்

கப்பல் இன்ஜினியராக நான் வேலை பார்த்த காலத்தில் டி.பி.டி. கலந்த பெயிண்டுக்குத்தான் மவுசு. அடிப்பகுதியில் கொட்டலசு ஒட்டினால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு எகிறும். டிரைபியூட்டில்டின் என்ற அந்த வெள்ளீயச் சேர்மம் மெல்லக் கசிந்து, ஐந்தாண்டு வரை எதையும் ஒட்டவிடாது. டிரை டாக்கில் ஏற்றிப் பார்த்தால் அடிப்பகுதி மழமழவென்றிருக்கும்.

கசிந்த நஞ்சு எங்கே போனது? 1970-இல் இங்கிலாந்தின் பிளிமத் பகுதியில் பாறை நத்தைகளை ஆராய்ந்த ஸ்டீபன் பிளேபர், பெண் நத்தைகளின் வலது உணர்கொம்புக்குப் பின்னால் ஆண்குறி போன்ற முளையைக் கண்டார். கூடவே வளரும் விந்துக்குழாய், முட்டை வெளிவரும் துவாரத்தை அடைத்துவிடுகிறது. முட்டைப் பைகள் உள்ளேயே தேங்கி, தாய் நத்தை செத்தே போகிறது. இதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவுவதில்லை, பிறந்த பாறையிலேயே ஊர்பவை. பெண்கள் மலடானால் அந்தப் பாறையில் வம்சமே அற்றுவிடும்.

1980-களில் பிளிமத் ஆய்வாளர்கள் டி.பி.டி.தான் காரணம் என்று நிறுவினார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே போதும். ஆர்கஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்ததால் பிரான்ஸ் 1982-இலேயே சிறு படகுகளில் டி.பி.டி. பெயிண்டுக்குத் தடை போட்டது. பெருங்கப்பல்களுக்கான உலகத் தடை நடைமுறைக்கு வந்தது 2008-இல். முதல் அறிகுறி தெரிந்து 38 ஆண்டுகள்! இவ்வளவு தாமதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தடைக்குப் பிறகு பல கரைகளில் நத்தைகள் மீண்டன என்பதே, முன்பே தடுத்திருக்கலாம் என்பதற்குச் சாட்சி.

அதன் பிறகும் பாடம் முழுதாக ஏறவில்லை. மாற்றுப் பெயிண்டுகளில் தாமிரத்தோடு சேர்க்கப்பட்ட சைபுட்ரின் என்ற பாசிக்கொல்லியையும் புழக்கத்தில் விட்டுவிட்டு, 2023-இல்தான் உலக அளவில் தடுத்தார்கள்.

நமக்கும் இதில் பங்குண்டு. தூத்துக்குடித் துறைமுக நத்தைகளிலும் இந்தக் கோளாறு பதிவாகியிருக்கிறது. அங்கே முக்குளிப்பவர்கள் மூழ்கி எடுக்கும் சங்கும் பைகளில் முட்டையிடுவது, அதன் குஞ்சும் பிறந்த இடத்திலேயே ஊர்வது. தடை வந்தாலும் டி.பி.டி. துறைமுகச் சேற்றில் பல்லாண்டு தங்கும், தூர்வாரினால் மேலே கிளம்பும்.

இதைக் கண்காணிக்கப் பெருஞ்செலவு இல்லை. நத்தையின் ஓட்டை உடைத்து, உருப்பெருக்கியில் அந்த முளையை அளந்தால் போதும். மீன்வளக் கல்லூரி மாணவர்களே செய்வார்கள். எல்லாப் பெருந்துறைமுகங்களிலும் ஆண்டுதோறும் இந்தக் கணக்கெடுப்பை நடத்தி முடிவை வெளியிட வேண்டும். புதிய பெயிண்ட் எதுவானாலும், நத்தைகளின் இனப்பெருக்கத்தைக் கெடுக்காது என்று தயாரிப்பாளர் நிரூபித்த பிறகே அனுமதி தர வேண்டும். அரசு இதைத் தூத்துக்குடியிலிருந்து தொடங்கட்டும்.