போன தட்டு போகட்டும்



தோட்டத்தில் துப்பாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டுதான். ஒன்று, செம்பனைக் கன்றுகளைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றியை விரட்ட, உரிமம் பெற்றவர் தோளில் மாட்டி வரும் துப்பாக்கி. மற்றொன்று சினிமாத் துப்பாக்கி. மூன்றாவது வகையும் உண்டு என்பதைச் சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் காட்டினான்.

ஜொகூரில் ஒரு சுடும் திடலில் அவனுக்கு வேலை. தட்டு எறியும் பொறிகளில் தட்டுகளை அடுக்கி வைப்பான். பள்ளி நாட்களில் அவன் கையில் லாஸ்டிக் இல்லாத நாளே இல்லை. எத்தனையோ லாஸ்டிக்குகளைப் பிடுங்கி என் மேசையில் பூட்டி வைத்திருக்கிறேன். "புதுசா வர்றவங்களுக்குப் பாடம் நடக்குது சார். வந்து பாருங்க, நம்ம வகுப்பு மாதிரிதான் இருக்கும்" என்று அழைத்தான். போனேன்.

இந்த விளையாட்டில் சுடப்படுவது உயிரில்லாத ஒரு சிறு தட்டு. குறுக்களவு 11 சென்டிமீட்டர், எடை சுமார் 105 கிராம். ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களையே கூண்டிலிருந்து பறக்க விட்டுச் சுட்டார்கள். 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்கின்போது கூட அந்தக் கொடுமை நடந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த லிகோவ்ஸ்கி என்பவர் 1880-ல் களிமண் தட்டைக் கண்டுபிடித்தார். நாளடைவில் புறாக்கள் தப்பின. இப்போது சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் கலந்து செய்கிறார்கள். பெயர் மட்டும் இன்றும் களிமண் தட்டுதான்.

முதல் பாடத்தில் துப்பாக்கியையே கையில் கொடுக்கவில்லை. இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சிறு ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்திலுள்ள பொருளைப் பார்க்கச் சொன்னார் பயிற்சியாளர். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ, அதுவே ஆட்சி செய்யும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆட்சி செய்தால் குறி தவறிக்கொண்டே இருக்கும். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை வைத்து நீங்களும் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது பாடம் பாதுகாப்பு. சுடும் இடத்தில் போய் நிற்கும்வரை துப்பாக்கியை மடித்துத் திறந்தே வைத்திருக்க வேண்டும். உள்ளே தோட்டா இல்லை என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரிய வேண்டும். குழல் மனிதர் பக்கம் ஒரு கணமும் திரும்பக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் கட்டாயம். இதைக் கேட்டபோது எனக்கு நம் தோட்டங்களின் நினைவு வந்தது. இருட்டில் புதர் அசைந்ததைப் பன்றி என்று எண்ணிச் சுட்டு, மனிதர் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். என்னவென்று கண்ணால் காணாமல் சுடக் கூடாது என்ற ஒரு பாடம் அந்த உயிர்களைக் காத்திருக்கும்.

பிறகுதான் சுடுவது. கட்டையைத் தோள்குழியில் இறுக்கி, கன்னத்தை அதன்மேல் படிய வைத்து, முன்காலில் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். குரல் கொடுத்ததும் தட்டு பறக்கும். புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை ஒன்றுதான்: தட்டைப் பார்க்காமல் குழலின் நுனியைப் பார்ப்பது. அந்த நொடியில் கை நின்றுவிடும், தட்டு போய்விடும். காற்பந்தில் ஓடும் கூட்டாளிக்கு, அவன் இப்போது இருக்கும் இடத்துக்கா பந்தை உதைக்கிறோம்? அவன் போய்ச் சேரும் இடத்துக்கல்லவா? அதுபோல, தட்டோடு சேர்ந்து போய், அதை முந்தி, சுட்ட பின்னும் கையை நிறுத்தாமல் ஓட விட வேண்டும்.

அன்று ஓர் இளைஞர் தொடர்ந்து ஐந்து தட்டுகளைத் தவறவிட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையில் கை வைத்தார். பயிற்சியாளர் திட்டவில்லை. "போன தட்டு போகட்டும். அடுத்த தட்டைப் பாருங்கள்" என்றார். ஆறாவது தட்டு தூளாகிப் புகைபோல் பரந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இது புதியவருக்கு மட்டும் உரிய பாடமன்று. இந்திய இராணுவத்தின் இராஜ்யவர்தன் சிங் ராத்தோர், வயது முப்பதை நெருங்கும்போதுதான் இந்த விளையாட்டில் இறங்கினார். 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், இரண்டு தட்டுகள் ஒரே சமயத்தில் பறக்கும் பிரிவில் வெள்ளி வென்றார். 200 தட்டுகளில் அவர் உடைத்தவை 179. அதாவது 21 தட்டுகளைத் தவறவிட்டவருக்கு வெள்ளிப் பதக்கம்! மூன்றாமவர் உடைத்தவை 178. தவறிய ஒரு தட்டை நினைத்து இன்னும் இரண்டைக் கோட்டை விட்டிருந்தால், வெள்ளி கைநழுவியிருக்கும். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் இதே துறையில் பேர் பெற்றவர். 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற மூவர் அணியில் அவரும் ஒருவர். அந்த அணியும் 375 தட்டுகளில் 361-ஐத்தான் உடைத்தது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கணக்கில் 35 வாங்கிய பிள்ளைக்கு அடுத்த சோதனை வரும்வரை அந்த 35-ஐயே சொல்லிக் காட்டுகிறோம். பிள்ளையும் போன தட்டையே பார்த்துக்கொண்டு அடுத்ததையும் விடுகிறது. பெற்றோரை மட்டும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாக நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசை வந்தால் அனுமதி பெற்ற சங்கத்தின் வழியே, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே பழகுங்கள். உரிமமில்லாத துப்பாக்கியைத் தொடவே தொடாதீர்கள். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், தண்டனையைக் கடுமையாக்கிய 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் வாழ்க்கையையே முடக்கிவிடும். செலவும் அதிகம், ஒவ்வொரு தோட்டாவும் காசு.

திரும்பும்போது மாணவன் வாசல்வரை வந்தான். "சார், என் லாஸ்டிக் இன்னும் உங்க மேசையிலதான் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தான். இருக்கிறது. அடுத்த முறை போகும்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.