நாற்காலி இருக்கு... கேட்கத்தான் வாய் வரலை!

நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, கால் வீக்கம் என்று வருகிற பெண்களிடம், ''எங்கேம்மா வேலை பார்க்கறீங்க?'' என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேருக்கு மேல் ஜவுளிக்கடை, நகைக்கடை!

''நடுவிலே பாத்ரூம் போயிட்டு வரக்கூடாதா?''

''சூப்பர்வைசர்கிட்டே கேட்கணுமே டாக்டர்... அவர் முறைப்பார். அதனால காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கறதில்லே!''

தும்மல், பசி, தாகம், தூக்கம், மலம், சிறுநீர், ஏன், கண்ணீர்கூட அடக்கக் கூடாத 14 வேகங்களில் அடக்கம் என்கிறது சித்த மருத்துவம். சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, எரிச்சல் வரும். தண்ணீரைக் குறைத்தால் தொற்றும் கல்லும் வரலாம் என்று அலோபதி டாக்டரும் சொல்வார்.

முதலாளி, மேனேஜர், சூப்பர்வைசர், கடைசியில் விற்பனைப் பெண். மேலேயிருந்து வரும் உத்தரவு ஒரு நிமிஷத்தில் கீழே இறங்கிவிடும். கீழேயிருந்து 'கால் வலிக்குது' என்ற பேச்சு முதல் படியையே தாண்டுவதில்லை. 'உனக்கு ஆளுங்களை நடத்தத் தெரியலே' என்று மேனேஜர் சொல்லிவிடுவாரோ என்று சூப்பர்வைசருக்குப் பயம். முதலாளியைக் கேளுங்கள்... ''யாருமே குறை சொன்னதில்லையே சார்!'' என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் காதுவரை எதுவும் போகவில்லை, அவ்வளவுதான்!

கடை ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 2018-ல் கேரளாவிலும், 2021-ல் தமிழ்நாட்டிலும் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். ஆனால், உட்கார்ந்தால் மேலே இருப்பவர் முகம் சுளிப்பார் என்றால், நாற்காலி இருந்து என்ன பிரயோஜனம்?

நெருஞ்சில் குடிநீர் நான் எழுதித் தருவேன். கேட்கப் பயப்படுகிறவருக்கு மருந்து, மேலே இருப்பவர் கையில்தான் இருக்கிறது. கேட்டுத்தான் போகணும் என்கிற வழக்கத்தையே எடுத்துவிடுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை முறை போட்டு அனுப்புங்கள். முதலாளியே தளத்துக்கு வந்து, ''சாப்பிட்டாச்சாம்மா? கொஞ்சம் உட்கார்ந்தீங்களா?'' என்று விசாரிக்கட்டும். நாலு நாள் கேட்டால், அஞ்சாவது நாள் பதில் வரும்.

கடைக்காரர்களைத்தானே சொல்றார் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு உங்கள் வீடுதான் ஆபீஸ், நீங்கள்தான் மேனேஜர்! நாலு வீட்டு வேலை முடித்துப் போகிறவர், நடுவில் எந்த வீட்டு பாத்ரூமுக்குப் போகிறார்? என்றைக்காவது யோசித்தீர்களா? அவராக வாய் திறந்து கேட்க மாட்டார்.

நாளைக்குக் காலையில் நீங்களே சொல்லிவிடுங்கள், ப்ளீஸ்!