மணி அடிக்கும் வரை...

குழந்தைகளே! தேர்வில் அரை மணி மிச்சமிருக்கும்போதே தாளை நீட்டிவிட்டு, மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு விளையாட ஓடும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சதுரங்க வீரர் குகேஷ் அப்படி எழுந்து ஓடாதவர்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம். நடப்பு சாம்பியனான சீனாவின் டிங் லிரென், நம் சென்னையின் குகேஷ் இருவருக்கும் தலா 6.5 புள்ளிகள். டிரா ஆனால், மறுநாள் விரைவு ஆட்டங்கள். அதில் டிங்குக்கே வாய்ப்பு என்று பலரும் கருதினார்கள்.

குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய்தான் கூடுதல். 'டிராதான்' என்றார்கள் பார்த்தவர்கள். குகேஷ் விடவில்லை. பொறுமையாகக் காய் நகர்த்திக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. மூலையில் சிக்கிய டிங்கின் மந்திரியும் தப்ப முடியவில்லை. பிறகு அந்த ஒற்றைச் சிப்பாயைத் தடுக்க வழியில்லை! 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். 1985-ல் காஸ்பரோவ் சாம்பியனானபோது அவருக்கு வயது 22.

இது அதிர்ஷ்டமா? தவறு செய்தவர் டிங்தான். ஆனால் கடைசி வரை உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எதிராளியின் தவறு கிடைக்கும். அந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் கணினியை நம்பவிடாமல், மனதுக்குள்ளேயே கணக்குப் போடப் பழக்கினார். 2019-ல், 12 வயதிலேயே குகேஷ் கிராண்ட்மாஸ்டர். 2024 ஏப்ரலில் டொரண்டோவில் நடந்த தகுதிப் போட்டியில், 7-வது சுற்றில் தோற்றும் சோராமல் ஆடி முதலிடம் பிடித்தார்.

அடுத்த தேர்வில் மணி அடிக்கும் வரை உட்காருங்கள். விட்டுப்போன ஒரு கணக்காவது கண்ணில் படும்!