மிக்கி மவுஸ் இருக்கட்டும், ஜன்னல் கம்பியைப் பாருங்க!

குழந்தைக்குத் தனி ரூம் என்றதும் மிக்கி மவுஸ் படம், ரோஜா நிறச் சுவர் என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். என்னைக் கேட்டால், அதில் பாதிப் பணம் பழைய ஜன்னலுக்குப் போகணும். பல் முளைக்கிற பிள்ளை கம்பியைப் பிடித்து நிற்கும்போது வாய் சும்மா இருக்குமா? பழைய எனாமல் பெயின்ட்கள் பலவற்றில் ஈயம் தாராளம். அது சிறிதளவு உடம்பில் சேர்ந்தாலே மூளை வளர்ச்சி பாதிக்கும். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் இங்கே அமலுக்கு வந்தது.

அதற்காக, ‘எல்லாத்தையும் சுரண்டிடுப்பா’ என்று பெயின்டரிடம் சொல்லிவிடாதீர்கள். காய்ந்தபடி சுரண்டினால் கிளம்பும் தூசு அதைவிட ஆபத்து! நனைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கட்டும். தரையை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை குழந்தையும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரும், பாட்டி வீட்டில் இருக்கட்டும். புது டின்னில் ஈய அளவு அச்சிட்டிருக்கும், படிச்சுப் பார்த்து வாங்குங்க.