கருவி சொன்னால் போதுமா?

குட்டீஸ்! கையடக்க ஜி.பி.எஸ். கருவி காட்டும் வரைபடத்தை அப்படியே நம்பலாமா? கூடாது. ஏன் தெரியுமா?

குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்கிடுகிறது. திறந்தவெளியில் சில மீட்டர்தான் பிசகும். ஆனால், வரைபடம் வானிலிருந்து வருவதில்லை. மனிதர்கள் தயாரித்துக் கருவியில் ஏற்றியது. பழைய தவறும் சேர்ந்தே ஏறிவிடும்.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையே 'சாண்டி தீவு' இருப்பதாகப் பல வரைபடங்கள் காட்டின. 2012-ல் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் அங்கே போனது. தீவே இல்லை! 1,300 மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள கடல்தான் இருந்தது. கப்பலில் இருந்தவர்கள் ஆழத்தை அளந்து பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது.

நீங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். கருவி 'பாதை' என்று காட்டும் இடத்தில் ஆறு ஓடினால், கண்ணை நம்புங்கள். உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். கருவி உதவிக்குத்தான், யோசிக்க வேண்டியது நீங்கள்தான்!