கார், பைக், சைக்கிள், குதிரை: எந்த ரேஸ் அதிக ஆபத்து?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. கார் பலத்த சேதம். அவரோ காயமில்லாமல் இறங்கி வந்தார். எப்படி? அதே வேகத்தில் பைக்கில் இருந்திருந்தால்?

முதலில் உழைப்பைப் பார்ப்போம். கூடலூரிலிருந்து நடுவட்டத்துக்கு ஏறும் சாலை ஏறக்குறைய 900 மீட்டர் உயருகிறது. சைக்கிளோடு 80 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த உயரத்தை எட்டவே உடல் சுமார் 700 கலோரி எரிக்க வேண்டும். ஒரு முழுச் சாப்பாடு! ஆனால் ஏறும்போது மூச்சு வாங்கும், கால் கெஞ்சும், அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்தில். உடம்புக்கும் தாருக்கும் நடுவே மெல்லிய ஜெர்சி மட்டுமே. 2023 ஜூனில் சுவிஸ் வீரர் கினோ மேடர், ஆல்புலா கணவாய் இறக்கத்தில் விழுந்து மறுநாள் இறந்தார். வயது 26.

காருக்குள் உட்கார்ந்திருப்பதில் என்ன கஷ்டம்?

நிறைய. ஃபார்முலா 1-ல் திருப்பத்தில் 5 ஜி விசை வரும். அப்போது 6 கிலோ தலையும் ஹெல்மெட்டும் கழுத்துக்கு 30 கிலோவாகக் கனக்கும். 2023 கத்தார் ரேஸ் வெக்கையில் எஸ்டபன் ஓகான் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். ஆனால் இடித்தால் காப்பாற்ற பலமான கூண்டு, பெல்ட், கழுத்துக் காப்பு இருக்கு. அதுவும் முழு உத்தரவாதம் இல்லை: 2023 ஜனவரியில் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் மூத்த வீரர் கே.இ.குமார் உயிரிழந்தார்.

அதே டிராக்கில், அதே ஆண்டு ஆகஸ்டில், பைக் ரேஸில் விழுந்த 13 வயதுச் சிறுவனும் இறந்தான். பைக்கில் கூண்டே கிடையாது. தோல் உடை, ஏர்பேக் எல்லாம் சறுக்கினால் உதவும். பின்னால் வரும் வண்டி ஏறினால் உதவாது.

குதிரைப் பந்தயத்திலும் இதே சிக்கல்தான். கூடவே, வண்டிக்குச் சொந்த மூளை உண்டு! சுமார் 450 கிலோ குதிரை, மணிக்கு 60 கி.மீ. வேகம், மேலே எடைக்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்த 50 சொச்சம் கிலோ ஜாக்கி. அதனால்தான் பந்தயம் ஓடும்போதே பின்னால் ஆம்புலன்ஸும் ஓடுகிறது. (ஊட்டி ரேஸ்கோர்ஸை, குத்தகை பாக்கிக்காக, 2024 ஜூனில் அரசே எடுத்துக்கொண்டது.)

நம் கணிப்பு: உழைப்பில் சைக்கிள் முதலிடம், ஆபத்தில் பைக்கும் குதிரையும். வேகத்தைவிட, விழுந்தால் உடம்பு எதில் மோதுகிறது என்பதே முக்கியம்.

அப்போ வீக்எண்ட் ரைடு?

டிராக்கில் எதிரே வண்டி வராது; சறுக்கினால் உருள இடமுண்டு; டாக்டர் தயாராக நிற்பார். மலைச்சாலையில் மூன்றும் இல்லை. விபத்துகளுக்குப் பிறகு கல்லட்டி வழியே வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை போடப்பட்டது. ஊட்டியிலிருந்து மைசூரு பக்கம் இறங்குபவர்களுக்கு நடுவட்டம்தான் பாதை. பஸ், லாரி, டூரிஸ்ட் வேன், பனிமூட்டம் எல்லாம் அந்த ஒரே சாலையில்.